இரும்புக்குப் பேசாத மெசின்

பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பற்றரி வைக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே பச்சை பூத்திருந்தால், விற்கிறவர் என்ன சத்தியம் செய்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தது, தரையைத் தடவுகிற வட்டத் தட்டிலிருந்து மேலே ஏறும் வயரை விரலால் உருவிப் பார்க்க வேண்டும். பிறகு உங்கள் சட்டைப்பையிலிருந்து நாலைந்து நாணயங்களைப் புல்லில் போட்டு, மெசின் எதற்குக் கத்துகிறது, எதற்குப் பேசாமல் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். மொன்றியலில் எங்கள் ஆட்களில் இந்த விஷயம் என்னளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை.

நான் செயின்ட்-மிஷேலில் இருக்கிறேன். வாரநாட்களில் பேக்கரி வேலை. சனிக்கிழமைகளில் பூங்காக்களிலும் ஆற்றங்கரையிலும் நாணயம் தேடுவேன். மன்னர் தலை போட்ட பழைய வெள்ளிக் காசுகள் ஒரு போத்தல் நிறைய வைத்திருக்கிறேன். என் அக்கா செலீனின் கணவர், பேரின்பநாதன் அத்தான், இதை வைத்து என்னைப் பகிடி பண்ணாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, நாலு பேர் நிற்கிற இடமாகப் பார்த்து, "எங்கட அன்டன் கனடாவுக்கு வந்தது மண் கிண்ட" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2004 வசந்தத்தில் அத்தானுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஊரில் அப்போது சமாதானக் காலம், யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, பகிடி ஒன்றும் விடாமல் கதிரையில் இருந்தார்.

"அன்டன், எனக்கொரு மெசின் பார்த்து வேண்டித் தா. பழசெண்டாலும் பரவாயில்லை. நான் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன்."

பெட்டி என்றது ஒரு பிஸ்கற் தகரப் பெட்டி. 1996 சித்திரையில் கிளாலிப் பக்கத்து வீட்டை விட்டு ஓடும்போது அக்காவின் நகைகளை அதற்குள் போட்டு, கிணற்றடி எலுமிச்சைக்குப் பக்கத்தில் புதைத்தோம். அத்தான் குழி வெட்டினார், நான் மண் தள்ளினேன். இடம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாலு வருடம் கழித்து நடந்த சண்டையில் வீடு, கிணறு, எலுமிச்சை எல்லாம் தரைமட்டமாகிவிட்டன. இனி மெசின் இல்லாமல் இடம் பிடிக்க முடியாது. அவர்களின் ஒரே மகள் லக்சனா பல் வைத்தியம் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் படிப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அத்தான் நம்பினார்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புதைத்த மறுநாள், நீரேரியைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்தபோது, அக்காவின் தையல் மெசினை எடுத்து வருகிறேன் என்று நான் மட்டும் திரும்பிப் போனேன். தையல் மெசினையும் கொண்டுவந்தேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல. நகைகளை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து மொன்றியலுக்கு வந்தேன். ஒரு நண்பன் உதவினான் என்று அக்காவிடம் சொன்னேன். பிறகு நான்தான் பங்குத் தந்தையின் காலைப் பிடித்து அவர்கள் மூவரையும் இங்கே அழைப்பித்தேன். ஆகவே அந்த நகைகள் எல்லோருக்கும்தான் உதவின. ஆனால் வெறும் பெட்டியைத் திறந்து பார்க்கிற மனிதர் அப்படி யோசிக்கமாட்டார்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஹென்றி என்ற ஓய்வுபெற்ற கிழவர் இரண்டு மெசின்களை விற்கப் போட்டிருந்தார். அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்று எல்லா உலோகத்துக்கும் கத்தும். மற்றதில் ஒரு பழுது இருந்தது. பூங்காவில் நாணயம் தேடுகிறவர்கள் ஆணி, சோடா மூடி போன்ற இரும்புக் குப்பைகளுக்கு மெசின் கத்தாமல் இருக்க ஒரு குமிழைத் திருப்பி வைப்பார்கள். இந்த மெசினில் அந்தக் குமிழ் அப்படியே இறுகிப்போயிருந்தது.

அத்தான் அந்த மெசினைத்தான் முதலில் கையில் எடுத்தார். புல்லில் ஒரு டொலர் நாணயக் குத்தியைப் போட்டார், கத்தியது. கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்தார், அதற்கும் கத்தியது. கடைசியாக ஒரு புதுக் கால் டொலரைப் போட்டுத் தடவினார். மெசின் பேசவில்லை. மறுபடியும் தடவினார்.

ஹென்றி என்னிடம் பிரெஞ்சில் விளக்கினார். புதுக் கால் டொலர்கள் உள்ளே இரும்பு. இந்த மெசின் இரும்புக்கு முழுச் செவிடு. காசு பொறுக்குவதைத் தவிர வேறு எதற்காவது என்றால் மற்றதைக் கொண்டுபோங்கள், அதே விலைக்குத் தருகிறேன் என்றார். நல்ல மனிதர்.

"என்னவாம்?" என்று அத்தான் கேட்டார். அவருக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு.

"புதுக் குத்தியளை மலிவுச் சாமானில அடிக்கிறாங்களாம் அத்தான். அதுதான் பேசேல்லையாம். இதுதான் நல்ல மெசினாம்."

அத்தான் கால் டொலரை எடுத்து, புல்லைத் துடைத்து, சட்டைப்பையில் போட்டார். "அப்ப இதையே எடுப்பம். உனக்குத்தானே தெரியும்."

மூன்று சனிக்கிழமைகள் புவாண்ட்-கிளேர் ஆற்றங்கரையில் அவருக்குப் பழக்கினேன். தட்டை நிலத்தோடு ஒட்டிப் பிடிக்கவும், அவசரப்படாமல் நடக்கவும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது சனி ஒரு வெள்ளிக் காசைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, வாத்தியாருக்கு. உன்னை நான் சனத்துக்கு முன்னால நக்கலடிச்சது பிழையடா. மனசில வைச்சிருக்காதை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் காசையும் போத்தலுக்குள் போட்டேன்.

ஆடி மாதம் டோர்வால் விமான நிலையத்தில் அக்கா அழுதுகொண்டு நின்றார்.

"வளவைச் சுத்திச் சிவப்புப் பலகை போட்டிருக்காம். மிதிவெடியாம். சொன்னாக் கேக்கிறாரில்லை. நீயாவது சொல்லன் தம்பி."

அத்தான் என்னைப் பார்த்தார். "மிதிவெடி கிடந்தாலும் இது கத்தும்தானே?"

"ஓம் அத்தான், கத்தும். சத்தம் வராட்டிப் பயமில்லாமல் காலை வையுங்கோ."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

எட்டாம் நாள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அத்தானின் ஒன்றுவிட்ட சகோதரன், ஒழுங்கையில் நின்று பார்த்தவன், எல்லாவற்றையும் சொன்னான். மெசின் ஒருமுறைகூடக் கத்தவில்லையாம். அத்தான் திரும்பிப் பார்த்து, "இதில ஒண்டும் இல்லையடா" என்று சிரித்துவிட்டு அடுத்த காலை வைத்தாராம்.

உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இங்கே பூசை ஒப்புக்கொடுத்தோம். வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொன்னார்: "தம்பி நல்ல மெசின்தான் வேண்டிக் குடுத்தவன். இவர்தான் சரியாப் பாக்கேல்லைப் போல." நான் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். லக்சனா படிப்பை விட்டுவிட்டு இப்போது டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடையில் காசாளராக நிற்கிறாள். வழியில் கண்டால் 'மாமா' என்று ஓடிவருவாள்.

இதுவரை என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. தகரமும் இரும்புதான் என்று பெட்டியை மறைக்கப் போன மடையன், மிதிவெடியிலும் இரும்பு இருப்பதை யோசிக்க மறந்துவிட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அத்தான் போவதற்கு முந்தைய வருடம், 2003 ஆவணியில், மடுத் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போயிருந்தேன். மடுவுக்கும் போனேன்தான். பிறகு அந்த வெறும் பெட்டியை எடுத்து எறிந்துவிட வேண்டும் என்று கிளாலிக்குப் போனேன். வளவைச் சுற்றிக் கயிறு, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். வெடி அகற்றுகிற ஒரு பெடியன் என்னை மறித்தான். இந்த மிதிவெடியளுக்குள்ள இருக்கிறது குண்டூசியளவு இரும்பு அண்ணை, எங்கட மெசினுக்கே கேக்கிறது கஷ்டம் என்றான். அரை மணித்தியாலம் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இங்கே வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெட்டி கிடைக்காமல் திரும்பி வருகிற மனிதர் அடுத்த வருடமும் போவார், வேறு மெசினோடு போவார். ஹென்றியின் வீட்டில் நிற்கும்போது இதை நான் நிதானமாக யோசித்தேன். அந்தச் செவிட்டு மெசினைத் தெரிவு செய்தபோது என் கண்ணுக்குள் நின்றது அந்தச் சிவப்புப் பலகைகள்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மனைவியின் தம்பி ஒரு கள்ளன் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அந்த மனவருத்தத்தை மட்டும் நான் அவருக்கு வைக்கவில்லை.