தண்டவாளத் துண்டு

இல்ல தங்கச்சி, எம்மவளுக்கு மருந்து மாத்திரை ஒண்ணுங் குடுக்கல. தேத்தண்ணியக் குடிங்க, சொல்றேன். பரிச்சைக்குப் பயப்படுற மவனுக்காக கம்போங் ராஜாவுல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க.

எம்மவ அம்சவேணி நல்லாப் படிக்கிற புள்ளதான். பரிச்சைக்கு மணி அடிச்சாப் போதும், கை வெறச்சிரும். பேனா கீழ வுழுந்துரும். வெறுந்தாளக் குடுத்துட்டு வந்துரும். சோம்பேறின்னாங்க, காத்து கருப்புன்னாங்க. மூணாம் பாரத்து எஸ்.ஆர்.பி. பரிச்சையில பெயிலானா பொறவு எம்பின்னால கூடையத் தூக்கிக்கிட்டு கொழுந்தெடுக்க வரவேண்டியதுதான்லா.

சாம்பசிவம் வாத்தியாருதான் கேட்டாரு, எப்பலேர்ந்து இப்படின்னு. அவங்கப்பா போனதுலேர்ந்துன்னேன். தேயிலை பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலருல கை மாட்டிருச்சி... ஆமா, ஆளையே இழுத்துருச்சி. வேலைக்கு எப்பவும் சங்குதான். ஆபத்துன்னா மட்டும் வாசல்ல தொங்குற தண்டவாளத் துண்ட அடிப்பாங்க. அன்னைக்கு அடிச்சாங்க. நாங்க குடியிருக்குற லயமே ஓடுச்சி, புள்ளயும் ஓடிப் பாத்துருச்சி. பள்ளிக்கூடத்து மணியும் அதே மாரி இரும்பு.

வாத்தியாரு கோலாலம்பூருல இதுக்குன்னே படிச்சிட்டு வந்தவரு. பயத்த ஒரேயடியா வெரட்டாதீங்க, தூரத்துல இருந்து பழக்குங்கன்னாரு. சாயங்காலமா நான் பெக்டரிக்குப் போயி, சுத்தியல்ல துணியச் சுத்தி அந்தத் தண்டவாளத்த மெதுவா அடிக்கணும். யாரும் ஓடியாராதீங்கன்னு தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி லயம் லயமாச் சொல்லி வுட்டாரு. புள்ள லயத்து வாசல்ல கை காலத் தளத்திக்கிட்டு, மூச்ச இழுத்து வுட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும். நடுங்கலன்னா மறுநாளு கொஞ்சம் கிட்ட. நடுங்குனா பழைய எடத்துக்கே. பொறவு துணிய எடுத்தாச்சி. கடைசியில எம்பக்கத்துல நின்னுக்கிட்டே மலாய்ப் பாடம் ஒப்பிச்சிச்சி.

பாஸுதான். இப்ப தானா ராத்தா டவுனு பள்ளிக்கூடத்துல நாலாம் பாரம் படிக்குது.

எனக்குப் பயம் போச்சான்னா கேக்குறீங்க? என்னைய யாரு கேட்டா. அன்னைக்கும் நாந்தான் அடிச்சேன் தங்கச்சி. அப்ப பெக்டரி கூட்டுற வேல எனக்கு. மொதல்ல ஆளக் கூப்பிட அடிச்சேன். ஆளுங்க வந்த பொறவும் அடிச்சிக்கிட்டே இருந்தேன், நிறுத்துனா அவரு கத்துறது கேக்கும்லா. பொறவு புள்ளைக்காக அடிக்கறப்ப அந்தக் கத்தலும் காதுல கூடவே வரும். தெனம் அடிச்சி அடிச்சி அதுவும் கொறஞ்சிக்கிட்டே வந்து, இப்ப சுத்தமா இல்ல. நல்லதுதான். ஆனா அதோட அவரு கொரலே போயிருச்சி. அம்சான்னு எப்படிக் கூப்பிடுவாரு, யோசிச்சி யோசிச்சிப் பாக்குறேன், வரமாட்டேங்குது.