கோட்டு வரிசையை ஒழிக்க வந்தவர்களே!

சீனம் பயிலும் இந்தச் சீர்மிகு சங்கத்தின் சலியாத தலைவர் அவர்களே! தப்பாய் ஒரு கோடு விழுந்தால் தலையில் அடித்துக்கொள்ளும் ஆசிரியை அவர்களே! அறிவிற் சிறந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! இந்தத் தையற்கடைக்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்!

நன்றியுரை சொல்ல வேண்டியவர் பஸ் போய்விடும் என்று முதலிலேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்குப் பொன்னாடையைப் போர்த்திய பிறகுதான் "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட மேடையில்தான், "சீன எழுத்தின் வடிவம் சரியாக இருந்தால் போதும், கோடுகளை எந்த வரிசையில் போட்டால் என்ன? வரிசைத் தேர்வை ஒழிப்போம்" என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. பொருத்தமான மேடை! நானும் நாளை முதல் சட்டையை உங்களுக்கு மாட்டிவிட்டு அப்புறம் தைக்கட்டுமா? என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு? ஊசி குத்தும்போது தெரியும்!

தீர்மானத்தை முன்மொழிந்த தீரர் யார்? என் வீட்டுக்காரர்! ஆதரித்துப் பேச என்னை அழைத்து வந்தவரும் அவரே. அதோ, முன்வரிசையில், கண்ணாலேயே என்னை உட்காரச் சொல்கிறாரே, அவர்தான்.

வீட்டு வரைபடம் போடுவது அவர் தொழில். மகள் சீனத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டதும் சம்பந்தியோடு பேச வேண்டுமென்று இங்கே சேர்ந்தார். எழுதினாரா? இல்லை, ஸ்கேல் வைத்து வரைந்தார்! கட்டத்துக்குள் அடங்கும் எழுத்து என்றால், நாலு பக்கமும் அடைத்துவிட்டு உள்ளே இருப்பதைத் திணிப்பார். ஆசிரியை கேட்டார்: "சார், ஆளு உள்ள வந்தப்புறம்தானே கதவைச் சாத்தணும்?" ஊருக்கெல்லாம் வாசல் வைத்துக் கொடுத்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேர்வில் தோற்றார். தீர்மானம் பிறந்தது!

அது பிறந்த கையோடு எங்களுக்குப் பேத்தியும் பிறந்தாள். மகள் பிரசவ அறையில். மாப்பிள்ளை அவள் பக்கத்தில். வெளியே பெஞ்சில் நாங்கள் மூவர். கண் அறுவை செய்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்த சம்பந்தியம்மாள், யார் தடுத்தும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க" என்றார். எங்களுக்குப் புரிந்தது. தமிழ் தெரியாத அந்த அம்மாளுக்கு?

இவர் தனக்குத் தெரிந்த சீனத்தை எடுத்துவிட்டார். அந்த ஒலிக்கு என்ன பொருளோ, சம்பந்தியம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்! பிறகு உள்ளங்கையை நீட்டி, எழுது என்று சைகை காட்டினார்.

"நலம்" என்பதற்கு அவர்களிடம் ஓர் எழுத்து உண்டு. இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குழந்தை. இவர் குழந்தையை முதலில் போட்டார். பெண்ணுக்குக் கடைசியில் வரவேண்டிய குறுக்குக் கோட்டை முதலில் இழுத்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி எழுதினார், மறுபடி அதே வரைபடம்! கட்டுக்குக் கீழே உதடு துடித்தது. என் மகளுக்காக, தன் மருமகளுக்காக, அந்தத் தாய் விம்மத் தொடங்கினாள்.

"இவங்களுக்கு எழுத்து தெரியலையோ?" என்றார் இவர்.

"கண்ணு கட்டியிருக்கவங்க கையில படமா போடுறீங்க? டீச்சரம்மா சொன்ன மாதிரி எழுதுங்க!" என்றேன்.

காகிதத்தில் கோடு நிற்கும், கையில் நிற்குமா? வடிவம் எங்கே தங்கும்? வருவது ஒன்றுதான், வரிசை! வரிசை! வரிசை! இவர் முதலில் பெண்ணை எழுதினார், முறையாக. பிறகு குழந்தையைத் தொடங்கினார். கடைசிக் கோடு போடவில்லை ஐயா! அதற்குள் அந்த அம்மாள் இவர் விரலோடு சேர்த்துக் கையை மூடிக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தார். எழுத்தை முழுமையாக்கவும் விடவில்லை, விரலைத் திருப்பித் தரவும் இல்லை.

அத்தனையும் நடந்த பிறகும் தீர்மானத்தை வாபஸ் வாங்கினாரா? கௌரவம் விடுமா? சரி, தலைவர் மணியடிக்கிறார். ஆதரிப்பவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்!

ஒன்று, இரண்டு... அட, முன்வரிசையில் ஒருவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே! முன்மொழிந்தவரே, என்னாச்சு?

உங்கள் பொறுமைக்கு என் நன்றி. அதையாவது நான் கடைசியில் சொல்லிக்கொள்கிறேன். வணக்கம்!