உத்தரத்தின் கிழக்கு முனை

முதலில் ஒரு சின்னத் திருத்தம், ஐயா. என் தகப்பனார் பெயர் தனகோட்டி. அதனால் த. ராஜாங்கம் என்று வரவேண்டும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இனிஷியலை விட்டுவிட்டார். செஞ்சியில் முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். எல்லையை ஒரு அடி தள்ளி எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். என் பேனா பொய் எழுதியதில்லை. இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இடையில் கேள்வி கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கள் வீடு கோட்டையின் வெளிமதிலுக்கு நாற்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. பாட்டனார் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் காரையும் தட்டோடும் போட்ட தளம். தொல்லியல் சட்டப்படி மதிலிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது. பழைய வீட்டுக்குள்ளே ஒரு சுவரை எடுக்க வேண்டும் என்றாலும் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் தெருவில் சிலர் கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிட்டு, நோட்டீஸ் வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

வீட்டில் நானும் வசந்தா அக்காவும் மட்டும்தான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, மாமா போன பிறகு திரும்பி வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வருஷம் அவள் பொங்கிப் போட்டுத்தான் சாப்பிட்டேன். போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானாள். கழிவறை கொல்லையில் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். கூச்சத்தில் அழுவாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குறுக்குச் சுவரை எடுத்துவிட்டு, அவள் அறையை ஒட்டியே ஒரு கழிவறை வைக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனுக்கா இதெல்லாம்? அப்ப மகராசி மாரி ஒக்காந்துக்கலாம்னு சொல்லு," என்று சிரித்தாள்.

வரைபடம் போட்டது எழில். நல்ல பெண், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். படிவத்தில் 'சேதத்தின் விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் மனு திரும்பி வந்தது. சேதமே இல்லாத வீட்டுக்குப் பழுது பார்க்க அனுமதி எதற்கு என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான்.

"வீடு கல்லு மாரி நிக்குது சார்," என்றாள் எழில். "எதனா ஒரு மூல ஒடஞ்சிருந்தா ஈசியா குடுத்துடுவாங்க. லேசா விரிசல்னு எழுதிக்கலாமா?"

"இல்லாத விரிசல எப்பிடிம்மா எழுதறது?"

"அப்ப வீடா பாத்து விரிசல் உட்டாத்தான் உண்டு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கோ மனசு லேசாகிவிட்டது. பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதப்போவதை முன்கூட்டி உண்மையாக்கிவிட்டால் போதும்.

அக்காவின் அறைக்கு மேலே, உத்தரத்தின் கிழக்கு முனை சுவருக்குள் போகும் இடத்தில், தட்டோடு நாலைப் பெயர்த்து எடுத்தேன். அடியிலிருந்த காரையைச் சுரண்டிக் குழி பண்ணினேன். அப்போது சித்திரை மாதம். தினமும் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர். கத்தரிச் செடிக்கு விடுவதுபோல் மெதுவாக விட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து ஓடிவிடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தேக்கு அவ்வளவு லேசில் நகராது. ஆடி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது.

ஆவணியில் கறை இறங்கியது. அக்கா எப்போதும் மல்லாந்து படுத்திருப்பவள், அதனால் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ராஜாங்கம், மேல இன்னாடா ஈரம்? மழயே காணோம், சொட்டுது பாரு."

"டேங்கு கசியுதுக்கா."

இது பொய்தான், ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய்ப்பேச்சு. எழுத்தில் எங்கும் இல்லை.

"ஆளக் கூப்ட்டு அடைக்கச் சொல்லேன். தல மேல உழுந்துடப் போவுது," என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டாள். "உழுந்தா உனுக்கு நல்லதுதான். தூக்கிச் சொமக்கிற வேல மிச்சம்."

அப்படியெல்லாம் பேசாதே என்று கண்டித்தேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. சுவரில் விரிசல் விட்டது. உத்தரம் அரை அங்குலம் தொங்கி, பிறகு ஒரு அங்குலம் ஆயிற்று. தேதி போட்டுக் குறித்து வைத்தேன். இரண்டாவது மனுவில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. அறை பயன்பாட்டில் உள்ளதா: ஆம். வசிப்போர்: ஒருவர், வயது எழுபத்தொன்று, நடக்க இயலாதவர். ஆள் குடியிருக்கும் அறை என்றால் மனுவை முன்னதாக எடுத்துப் பார்ப்பார்கள் என்று எழில் சொல்லியிருந்தாள். அந்த அம்மாவை உடனே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள் சார் என்றும் சேர்த்தே சொன்னாள். சரி என்றேன்.

பக்கத்து வீட்டு பஷீர் அகமது தச்சு வேலை செய்கிறவர். அவர் மனைவி தாஹிரா அடிக்கடி அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அவரும் கூட வந்தார். மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி போட்டு ஏறி, உத்தரத்தின் முனையில் உளியை வைத்து அழுத்தினார். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. கீழே இறங்கி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, சுத்தமா மக்கிப் போச்சு. இன்னிக்கா நாளைக்கான்னு நிக்குது. அக்காவ இப்பவே எங்க வூட்டுக்குத் தூக்கினு போயிடலாம், தாஹிரா பாத்துக்கும். நான் முட்டுக் குடுக்க ரெண்டு சவுக்குக் கட்ட எடுத்தாறேன்."

வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அன்று அறை காலியாக இருந்தால் நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். முட்டுக் கொடுத்துவிட்டால் ஆபத்து என்று எழுதியதும் பொய்யாகிவிடும்.

"ரெண்டே நாளு பஷீரு. பொறுத்துக்கோ."

"உங்களுக்கு இன்னா பைத்தியமாண்ணே? உள்ள இருக்கறது உங்க அக்கா."

அவர் அப்படிப் பேசியது எனக்கு வருத்தமாக இருந்தது. சாயங்காலம் சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அவற்றை எடுத்துப் போய் அவர் பட்டறையிலேயே சாத்திவிட்டு வந்தேன்.

கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லியும் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், வரைபடத்தில் அக்காவின் அறைக்கு 'விருந்தினர் அறை' என்றுதான் போட்டிருக்கிறது. கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க்காரர்கள் தங்க இடம் தேடி அலைகிறார்கள். அக்காவுக்கு எழுபத்தொன்று. கட்டட வேலை என்றால் பத்து வருஷம் கழித்து வரப்போவதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். அவள் கட்டில் எங்கே என்று கேட்டால், அதை வரையச் சொல்லவில்லை. கட்டில் கட்டடத்தில் சேராது.

உத்தரம் விழுந்தது புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்த அளவு சத்தம் இல்லை. உள்ளே போனேன். உத்தரம் அவள் மார்புக்குக் கீழே குறுக்காகக் கிடந்தது. முகமெல்லாம் காரை. கண் திறந்திருந்தது. "ராஜாங்கம், தூக்குடா," என்றாள்.

ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை என்று நேற்றுச் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள், நான் தொட்டே பார்க்கவில்லை. பஷீர் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தார், சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார். வந்தால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருப்பார். சேதத்தைச் சேதமடைந்த நிலையிலேயே, நான்கு பக்கமும், தேதி நேரத்தோடு படம் எடுத்து இணைக்க வேண்டும் என்பது படிவத்தில் தெளிவாக இருக்கிறது.

போன் உங்களிடம்தான் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு படங்கள். முதல் இரண்டும் மங்கலாக இருக்கும், புழுதி அடங்கவில்லை. பதினான்காவது படம் வரைக்கும் அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அதனால் கை கொஞ்சம் ஆடியிருக்கிறது. மீதி எட்டும் தெளிவாக வந்திருக்கின்றன.