தண்ணீர்ச் சோதனை வண்டியின் சாவியை நான் எடுத்தது பற்றி

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். எழுதப் படிக்கக் கற்று நாலு மாதம்தான் ஆகிறது. பெயர், வயது, விலாசத்தைக் காவலர் மேலே எழுதிவிட்டார். மீதியை நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.

நான் விவசாயி. வீடு வயலுக்குள் இருக்கிறது. ஊர்க் குழாய் அதுவரை வராததால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். என் மகள் கைக்குழந்தையோடு என்னிடம் இருக்கிறாள். குழந்தைக்குப் புட்டிப்பால். போன வாரம் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயலில் போடும் உரம் கிணற்றில் இறங்கி நைட்ரேட் கூடியிருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே பால் கலக்கினேன் என்றாள் மகள். கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், நைட்ரேட் போகாது, இன்னும் கெட்டிப்படும் என்றார். அதற்குப் பிறகு அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு நான் குடிநீர் அலுவலகம் போனேன். அங்கிருந்து சுகாதார அலுவலகத்துக்கும், அங்கிருந்து விவசாய அலுவலகத்துக்கும், அங்கிருந்து மறுபடியும் குடிநீர் அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். பெயர்ப்பலகைகளை நானே படித்தேன். எல்லாம் சரியான இடம்தான். வேலைதான் நடக்கவில்லை.

அதன் பிறகு இன்று காலை சோதனை வண்டி ஊர்க் குழாயடிக்கு வந்தது. என் கிணற்றையும் பார்க்கச் சொல்லி சோதனைக்காரரைக் கேட்டேன்.

"சொந்தக் கிணறு எங்க கணக்குல வராது, பெரியவரே."

"குழந்தை வருமா தம்பி?"

அவர் குழாயடியில் குனிந்துகொண்டார். அப்போது வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கிணறு வரைக்கும் நடந்து வந்தால் தருகிறேன் என்றேன். நான் அவரை அடிக்கவில்லை. முட்டாள்கள் என்று சொன்னது உண்மை. அது அந்த மூன்று அலுவலகங்களையும் சேர்த்துச் சொன்னது.

அதன் பிறகு அவர் வந்து, கிணற்றுத் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கினார். அது அடர்ந்த ரோஸ் நிறமானது. நைட்ரேட் கூடினால் அப்படி ஆகுமாம். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இதப் புட்டியில ஊத்தாதீங்க. ஆனா மனு இல்லாம என்னால இதப் பதிய முடியாது."

சாவியைக் கொடுத்துவிட்டேன். மாலையில் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள்.

சாவியை எடுத்தது நான்தான். இதில் உள்ளது எல்லாம் நடந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. மனு கேட்டார்களே, இதையே மனுவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயல் வீட்டுக்கும் கிணறுதான். அந்த வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள். அங்கே சோதிக்க ஆள் வராவிட்டால் அடுத்த வாரமும் வந்து எழுதுவேன்.

(கையொப்பம்)