எங்கேயும் அனுப்பாத கெமரா

இல்ல நானா, கருப்பு கெமரா வேணாம். கருப்பு எங்கிட்டயே ஈக்கி, உங்கட கடையில வாங்கினது தானே. எனக்கு அந்தா ரெண்டாவது தட்டுல வெள்ளி நெறத்துல ஈக்கே, பென்சில் பெட்டரி ரெண்டு போடுற ஜாதி, அதக் கொஞ்சம் எடுங்க. ஓ, அது தான். பழசு எண்டு தெரியும். என்னது, கெம்பஸ் புள்ளைங்க இதத் தான் தேடி வாராங்களா? போன்ல எடுத்தா மூஞ்சி மிச்சம் தெளிவா விழுவுதாமா? அது நல்ல கதை. நாங்க வேற வழி இல்லாம எடுத்த, அவங்க ஆசைக்கி எடுக்கிறாங்க.

கதிரை வேணாம் நானா, நான் நின்டே பேசுற. பின்னேரம் அஸர் தொழுது முடிய, எங்கட பள்ளிவாசல் ட்ரஸ்டிமாருங்க கெமராவோட வரச் சொல்லி ஈக்கிறாங்க. அலவத்துகொட பஸ் கட்டுகஸ்தோட்டைல எவ்வளவு நேரம் நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே.

பிரச்சின தான், வேற என்ன. போன கிழம ஒரு கலியாணம், பொம்புளைங்க பக்கம் நான் தான் படம் எடுத்த. நிக்காஹ் முடிஞ்சிச்சி. பொண்ண இன்னம் மாப்புள வூட்டுக்கு அனுப்ப இல்ல, அது வார கிழம. அதுக்குள்ள பொண்ணுட படம் ஒண்டு வெளிய போயிட்டு. முடி எல்லாம் விரிச்சிப் போட்டு, பூ வெக்க முந்தி, கண்ணாடிக்கு முன்னால சிரிச்சிட்டு ஈக்கிற படம். மாப்புள வூட்டுப் பெரியவர் ஒருத்தர் ஒரு வாட்ஸப் குரூப்புல கண்டிருக்கிறார். யாரோ ஒருத்தன், மாஷா அல்லாஹ் எண்டு வேற கீழ எழுதி ஈக்கானாம். இப்ப அவங்க கலியாணத்த முறிக்கிற கதை கதைக்கிறாங்க. படம் எப்படி வெளிய போன எண்டு தெரிஞ்சாத் தான் மத்த கதையாம்.

யாருட வூடெண்டு கேக்காதீங்க. சென்னாலும் உங்களுக்குத் தெரியாது.

எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாண ஹோல் வாசல்ல ஒரு பிளாஸ்டிக் வாளி வெப்பாங்க, எல்லார்ட போனும் அதுக்குள்ள. ஒண்டு அடிச்சா எல்லாம் சேந்து நடுங்கும். அதத் தாண்டி என்னெ மட்டும் கெமராவோட விடுறாங்களே, ஏன்? என்ட கெமரா பெரிய விஷயம் எண்டா? அது ஒண்டுக்கும் ஏலாத சாமான் எண்டதால தான். எடுக்கும், வெச்சிக்கும். அவ்வளவு தான். அத நம்பித் தான் அந்தப் பொம்புளைங்க முந்தானைய எறக்கி வெச்சிட்டு ஆடுவாங்க, பாடுவாங்க. ஆறு புள்ள பெத்தவ சின்னப் புள்ள மாதிரி ஓடுவா. ஒரு ஆம்புளையும் காணாத சிரிப்பு அது. நான் மட்டும் தான் கண்டிருக்கிற.

அதால தான் கேக்கிற. இந்த வெள்ளியில வைஃபை இல்ல தானே? புளூடூத்தும் இல்ல? அல்ஹம்துலில்லாஹ். கொற எல்லாம் எனக்குத் தெரியும், என்ட பழசும் இதே ஜாதி தானே. லைட் கொறஞ்சா படம் மணல் மணலா வரும். ஃப்ளேஷ் போட்டா மூஞ்சி வெள்ள, பின்னால எல்லாம் குகை. ஒரு படம் எடுத்து அடுத்தத எடுக்கிறதுக்குள்ள சிரிச்சவ கொட்டாவி விட்டுடுவா. ஆனா பெட்டரி முடிஞ்சா எந்தக் கடையிலயும் வாங்கலாம். கீழ விழுந்தாலும் எடுத்துத் துடைச்சிட்டு வேலைய பாக்கும். என்ட பழசு லென்ஸ நீட்டிட்டு உள்ளுக்குப் போக மாட்டேன் எண்டு நின்ட பொறகு தானே உங்கட கருப்ப வாங்கின.

கருப்புல கொற சொல்ல இல்ல நானா. இருட்டு ஹோல்லயும் மருதாணி கோடு கோடா தெரியும். மேடைக்கு ஏறாமயே தூரத்துல நின்டு தோட்டுக் கல்ல எடுக்கும். ஸ்க்ரீன மேல மடக்கினா தங்கட மூஞ்சியத் தாங்களே பாக்கலாம், பொம்புளைங்களுக்கு அது தான் விருப்பம். பெட்டரி தான் பாதியில போயிடும். அதோட அந்தப் பொத்தான், போன் படம் போட்டது. அக்கா மொறைக்கி என்னெத் தாத்தா எண்டு கூப்பிட்டு, இதத் தொடாதீங்க, இது போனுக்கு அனுப்புற எண்டு சொல்லி நீங்களே கருப்பு டேப் ஒட்டித் தந்தீங்களே. நான் தொட இல்ல. அல்லாஹ் அறிய நான் தொட இல்ல.

சரி, இப்ப என்ட கதையக் கேளுங்க. இந்த வெள்ளிய நான் கொண்டு போய் வெக்கிறன் எண்டு வெச்சிக்கோங்க. இது தான் அன்னைக்கி எடுத்த கெமரா, இதால அனுப்ப ஏலா, யாரோ போன ஒளிச்சிக் கொண்டு வந்திருக்காங்க எண்டு நான் சொல்ற. முந்நூறு பொம்புளைல யாரெண்டு தேடுவாங்க? விட்டுடுவாங்க தானே? நீங்களும் ட்ரஸ்டிமாருக்கு ஒரு வார்த்தை போன்ல சென்னா போதும்.

ஏன்? கருப்ப என்ட கையில யாரு கண்ட?

ஓ... ஓ, கண்டாங்க. மாப்புளட கூடப் பொறந்த தாத்தா றலியா, அவ அந்த ஸ்க்ரீன மடக்கிப் பாத்துத் தானே முக்காட்டு ஊசிய சரிசெஞ்ச. ரெண்டு தரம் பாத்தா. அவ மறக்க மாட்டா. அப்ப இதே கருப்பு மாதிரி, ஸ்க்ரீன் மடங்குற, வைஃபை இல்லாதது ஒண்டு? இல்லவே இல்லையா? பழுதான ஒண்டு சரி? மேல தோல் மட்டும் சரி போதும் நானா, அவங்க படமா எடுத்துப் பாக்கப் போறாங்க.

நீங்க ட்ரஸ்டிமாருக்கிட்ட வந்து பேசுறதா? என்னத்தப் பேசுற? இல்ல, வேணாம். நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, எனக்கு வெளங்குது. ஆனா நான் மேசைல வெச்ச கருப்ப எடுத்து ஓன் பண்ண வேணாம், இங்க தாங்க. அதுல பாக்க ஒண்டும் இல்ல. எந்தப் போனோட சேந்த எண்டு கெமரா பேர வெச்சிக்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சி தான் வந்த. தாங்க நானா.

பாத்துட்டீங்க.

பஸ்லினா. ஓ, அது தான் பொண்ணு. அவட போன் தான். பொண்ணுட போன யாரு வாளியில போடச் சொல்ற? அவ உள்ளறையில ஈக்கிற, என்ட கெமரா பக்கத்துல கட்டில்ல ஈக்கிற, நான் சாப்பாட்டுச் சஹன் தட்டுகளப் படம் எடுக்க முந்தி, அத அங்கயே வெச்சிட்டு ஒரு வாய் தண்ணி குடிக்கப் போன. அந்த நேரத்துல டேப்ப நகத்தால பிரிச்சி ஈக்கா. ஒரே ஒரு படம். குண்டசாலையில கிளாஸ் போன காலத்துக் கூட்டாளி, கலியாணத்துக்கு வரக் கெடைக்க இல்ல, நான் எப்படி ஈக்கிற பாரு எண்டு அவளுக்கு அனுப்பி ஈக்கா. அந்தப் புள்ள சந்தோஷத்துல ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. கெட்ட எண்ணம் ஒண்டும் இல்ல. ரெண்டு பேருக்கும் இல்ல. அத யாருக்கிட்ட போய்ச் சொல்ற?

இப்ப நீங்க சிரிக்கிறீங்க. நான் தப்பிச்சிட்டன் எண்டு நெனக்கிறீங்க. இத அப்படியே கொண்டு போய்க் காட்டுங்க, உங்கட மேல பிழ இல்ல எண்டு வெளங்கிடும் எண்டு தானே சொல்றீங்க? நான் வந்தது அதுக்கில்ல நானா. வெள்ளி கெமரா சரி வந்திருந்தா இத உங்களுக்குச் சொல்லியே இருக்க மாட்டன்.

இந்தப் பேர அழிக்க ஏலும் தானே? அழிங்க. சும்மா அழிச்சா ட்ரஸ்டிமாருங்க ஏன் அழிச்ச எண்டு கேப்பாங்க. ஷாமில் எண்டு மாப்புளப் பொடியன் ஈக்கிறானே, அவன் கொம்பியூட்டர் வேல செய்றவன், கட்டாயம் பாப்பான். அதால அந்த எடத்துல என்ட போனச் சேருங்க. கெமராவ போனோட சேக்கிற எப் என்னமோ ஈக்கே, அதையும் என்ட போன்ல போட்டுத் தாங்க. பொத்தான் தெரியாம அமுங்கிட்டு, என்ட போனுக்கு வந்திச்சி, எங்கயோ தட்டுப்பட்டுப் போயிட்டு எண்டு நான் சொல்லிக்கிற. படிக்காத பொம்புள, அவளுக்கு என்ன தெரியும் எண்டு ஏசுவாங்க. ஏசட்டும்.

தெரியும் நானா. அதுக்குப் பொறகு அக்குறணைல இருந்து மாவனெல்ல வரைக்கும் ஒருத்தி என்னெ வாசல்லயும் அண்ட விட மாட்டா. இனி என்ட பேரச் சொல்லித் தான் வாளி வெப்பாங்க. அது தெரியாமயா பஸ் ஏறி வந்த? தச்சிக் குடுப்பன், இடியப்பம் அவிப்பன், என்னமோ ஒண்டு. பொண்ணே அனுப்பின எண்டா அவங்க தலாக் குடுக்கிறதுல நிப்பாங்க. கெமராக்காரி பிழ எண்டா, என்னெ ஒதுக்கிட்டு அவளக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அது போதும்.

என்ன கேக்கிறீங்க? பொண்ணுக்குப் பெத்த உம்மா ஒருத்தி இல்லையா, அவ வாய் தொறந்து பேச மாட்டாவா, நீங்க ஏன் சுமக்கணும் எண்டா?

அந்த உம்மா தானே நானா இவ்வளவு நேரமும் உங்களோட பேசிட்டு ஈக்கிற. ஊருல மத்தவங்கட புள்ளைங்கள எல்லாம் படம் எடுத்துட்டு, என்ட புள்ளய வேற ஒருத்திட கையிலயா குடுக்கிற?

அழ இல்ல. காலையில இருந்து சாப்பிட இல்ல, அது தான். இந்தாங்க போன். அவ என்னெப் பாக்க வாரதுக்கு அவங்க இனி விட மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். நீங்க பேர அழிங்க.