சுவருக்குள் இருந்த குட்டிப் போர்வை

இரவு பத்தரை மணி இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தார் போடாத சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புல். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சாலை ஒரே ஒரு வீட்டில் போய் முடிகிறது. அந்த வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை...

வண்டியில் போய்க்கொண்டிருந்தவர் என் தோழியின் சித்தப்பா. தோழிக்கு இதைச் சொன்னது அவள் சித்தி.

"பேய்க் கதை சொல்றவங்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் இப்படி ஒரு தோழி கிடைக்கிறாளோ" என்றாள் ஒட்டடைக்குச்சி அக்கா. விடுதியில் அவள்தான் எல்லோரையும்விட உயரம். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, நீ கேக்கறதுன்னா கேளு. இல்லன்னா போய்த் தனியாப் படு" என்றேன்.

அவள் போகவில்லை. காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசி வளைவில் திரும்பியதும் வீடு தெரியும். சித்தப்பா திரும்பினார். பின்பக்க அறையின் சன்னல் தெரிந்தது. உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம். சன்னலை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி சுற்றிய குழந்தை. முன்னும் பின்னும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தாள்...

சித்தப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. அந்த அறைக்குக் கூரையே இல்லை. ஓடுகளைப் பிரித்துவிட்டுத் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார்கள். இந்த மழையில், பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு சித்தி அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

வண்டியைக் கொட்டகை ஓரம் நிறுத்தினார். கொட்டகைக்குள் விளக்கு எரிந்தது.

உள்ளே சித்தி இருந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம். செவலை ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அவள் குட்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"ஆட்டுக்கு மருந்து கிடைச்சுதா? ஏங்க... என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"பாப்பா எங்க?"

"முன் ரூம்ல, தொட்டில்ல. இப்பதான் தூங்குச்சு, போய் எழுப்பி விட்டுறாதீங்க."

சித்தப்பா ஓடினார். குழந்தை தொட்டிலில்தான் கிடந்தது. நல்ல தூக்கம். சுற்றியிருந்த சின்னப் போர்வை, சித்தி சுற்றுகிற மாதிரி இல்லை. சித்தி அவசரக்காரி, ஏதோ பொட்டலம் கட்டுவதுபோலச் சுற்றுவாள். இது ஓரங்கள் மடித்து, முனையைக் கழுத்துக்குக் கீழே செருகி, அவ்வளவு ஒழுங்காக இருந்தது. குழந்தையின் கடைவாயில் ஒரு சொட்டுப் பால்.

பின் அறைக்குப் போய்ப் பார்த்தார். ஈரச் சுண்ணாம்பு வாடை. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சமும் இல்லை, ஆளும் இல்லை. தார்ப்பாயைத்தான் பார்த்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சித்தியிடம் சொல்லவில்லை.

அந்தப் போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் இருந்த ஊரில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் அந்தப் பண்ணை வீட்டை வாங்கியிருந்தார்கள். பழைய வீடு. உத்தரத்தில் கறையான், சுவரில் வெடிப்பு. ஆடு வளர்த்துக்கொண்டே ஒவ்வோர் அறையாகச் சரி செய்வது என்று திட்டம். முன் அறையில் மூன்று பேரும் படுத்துக்கொள்வார்கள். மற்ற அறைகளில் சிமெண்டு மூட்டையும் தீவனமும் கிடக்கும். குழந்தை அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

அன்று பகலில் கொத்தனார் பின் அறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லா இடத்திலும் டண் டண் என்று கேட்டது. ஓர் இடத்தில் மட்டும்... பொத். அதை இடித்ததும் உள்ளே ஒரு மாடம். மாடத்தில் மடித்து வைத்த ஒரு குட்டிப் போர்வை. பழைய துணிகளை ஒட்டுப்போட்டுக் கையால் தைத்தது. மேலே தூசி இல்லை. ஓர் ஓட்டை இல்லை. மோந்து பார்த்தால் மக்கிய வாடை அடிக்க வேண்டாமா? இல்லை. பால் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தையின் கழுத்தில் ஒரு வாசம் இருக்குமே... அது.

"உத்தரத்தையே தின்ன கறையான் இதைத் தொடல பாரும்மா" என்றார் கொத்தனார். "உள்ளயே வச்சுப் பூசிடவா?"

"நல்ல துணிண்ணே. சுவருக்கு எதுக்குப் போர்வை, அதுக்கென்ன குளிருதா?" என்று சித்தி வாங்கிக்கொண்டாள்.

துவைத்துவிட்டுத்தான் போடலாம் என்று நினைத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. சாயங்காலம் குளிரில் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தது. எடுத்துச் சுற்றிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மறுநாள் காலையிலிருந்து குழந்தை அவளிடம் பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டது. வயிறு கும்மென்று இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. சித்திக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் தராசில் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பால் குடிக்காத புள்ள எப்படிம்மா எடை கூடும்? ராத்திரி தூக்கக் கலக்கத்துல கொடுத்துட்டு மறந்துட்டு வந்து நிக்கிற."

சித்தி அதை நம்பப் பார்த்தாள். ஆனால் போகப் போக, அவள் தூக்கினாலே குழந்தை வீறிட்டது. பின் அறைப் பக்கம் கொண்டு போனால் அடங்கியது. அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தது. பின் அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆடுகள் எல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. இரவு முழுக்க ஒன்றுகூடப் படுக்கவில்லை.

அந்த வாரத்திலேயே செவலை ஆடு செத்துப்போனது. அதன் குட்டி தாயில்லாமல் நின்றது. வெள்ளையாக, புசுபுசுவென்று இருக்கும், பஞ்சு என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் கழித்து இன்னோர் ஆடு, கொம்பி, குட்டி போட்டது. குட்டி செத்தே பிறந்தது. இந்தப் பக்கம் தாயில்லாத குட்டி, அந்தப் பக்கம் குட்டியில்லாத தாய்.

ஆடு வளர்ப்பவர்கள் இந்த மாதிரிச் சமயத்தில் ஒன்று செய்வார்கள். கேட்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். தாய் ஆட்டுக்குக் கண் முக்கியமில்லை, மூக்குதான். தன் குட்டியின் வாசம் அடித்தால் போதும், அது தன் குட்டி.

சித்தப்பா பஞ்சுவுக்குத் தோலைக் கட்டினார். "மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை" என்று சிரித்துக்கொண்டே கொம்பியிடம் விட்டார். கொம்பி பஞ்சுவின் வால் பக்கம் மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்து பார்த்தது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். வாயைத் திறக்காமல்... ம்ம்ம்ம்... ம்ம்ம்ம்... பெற்ற குட்டியிடம் மட்டும்தான் ஆடு அப்படி முனகும். பஞ்சு மடியில் முட்டிக் குடிக்க ஆரம்பித்தது.

சித்தி கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்க... இந்தச் சத்தம். ராத்திரியில கேக்குதுங்க. நான் ஆடுன்னு நெனச்சேன். இது கொட்டகையிலருந்து வரல. நம்ம பின் ரூம்லருந்து வருது."

அப்போதுதான் சித்தப்பாவும் அந்த மழை இரவில் பார்த்ததைச் சொன்னார். சித்தி பஞ்சு மேல் கட்டியிருந்த தோலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அதுக்கும் கண்ணு இல்ல, மூக்குதான்" என்றாள். "நான்தான் எம்புள்ளைக்கு அது புள்ளையோட தோலை மாட்டி விட்டுட்டேன்."

எங்கள் போர்வைக்குள் இருந்து யாரோ காலை வெளியே எடுத்தார்கள். ஒட்டடைக்குச்சி அக்கா, "மேல சொல்லித் தொலை" என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"வித்துட்டுப் போயிடலாம்" என்றார் சித்தப்பா.

"எங்க போறது? போனா அது தேடிக்கிட்டு வராதுன்னு யாருங்க சொன்னா?"

அன்று பொழுது சாய்ந்ததும் சித்தி குழந்தையை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். தன் வியர்வை ஊறிய ரவிக்கையால் உடம்பு முழுக்கத் துடைத்தாள். தன் பாலைப் பீய்ச்சி உச்சந்தலையில் தேய்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போனாள். கொம்பியிடமிருந்து பஞ்சுவைப் பிடுங்கினாள். கட்டிய தோலை அவிழ்த்துவிட்டு, அந்தக் குட்டிப் போர்வையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினாள். பின் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு பேரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். குழந்தை சித்தியின் மடியில். கொம்பி கொட்டகையில் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டை கட்டி, காற்று மட்டும் வருகிற வரைக்கும் கத்தியது. அதற்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சித்திக்கு அழுகை வருமாம்.

பஞ்சு ஒரு முறை கத்தியது. இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

சப்... சப்... ஈரச் சுண்ணாம்பில் வெறுங்கால்.

அப்புறம் மோந்து பார்க்கிற சத்தம். நிதானமாக, நீளமாக. அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கதவுக்கு வந்தது. கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் வந்து நின்றது. ஒரு மூச்சு உள்ளே இழுத்தது... சித்தியின் கால் விரலில் குளிர் பட்டது. குழந்தை அந்தப் பக்கம் தாவியது. வாயைக் கோணியது. அழப் போகிறது. சித்தி அதன் வாயை மார்பில் வைத்து அழுத்தினாள். குழந்தை திமிறியது. திரும்பியது. 'குடிடி... என் தங்கமே, குடிடி...' சித்தி உதட்டை மட்டும் அசைத்தாள்.

குழந்தை வாயை வைத்தது.

கதவுக்கு அடியில் இருந்தது மெதுவாக விலகிப் போனது. சப்... சப்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே... ம்ம்ம்ம்... ம்ம்ம்ம்...

குட்டி பால் குடிக்கும்போது வாலை ஆட்டும், பார்த்திருக்கிறீர்களா? போர்வைக்குள் வால் அடிக்கிற சத்தம் கேட்டதாம். டப் டப் டப் டப்.

அதற்குப் பிறகு அந்த அறையை அவர்கள் கட்டவில்லை. கூரையை மட்டும் போட்டார்கள். மாடத்தை அப்படியே விட்டார்கள். வீட்டின் மற்ற பக்கம் எல்லாம் புதுசு. பின் அறை மட்டும் இடித்த சுவரோடு நின்றது. தினமும் இருட்டியதும் பஞ்சுவைப் போர்வையோடு அங்கே விடுவார்கள், விடிந்ததும் போர்வையை அவிழ்த்து மாடத்தில் வைத்துவிடுவார்கள். பஞ்சுவுக்கு யாரும் தீனி வைத்ததில்லை. அது கொழுகொழுவென்று வளர்ந்தது. போர்வை முதுகில் ஒரு கைக்குட்டை மாதிரி ஆகிவிட்டது, இருந்தாலும் கட்டுவதை நிறுத்தவில்லை. பஞ்சுவை விற்கவும் இல்லை. பாப்பா அதன் மேல் ஏறி விளையாடித்தான் நடக்கவே பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் பஞ்சுவிடம்தான் ஓடுவாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

"இரு, ஆடு எத்தனை வருஷம்டி உயிரோட இருக்கும்?" என்றாள் ஒட்டடைக்குச்சி அக்கா.

"நல்லாப் பாத்துக்கிட்டா பத்து, பன்னெண்டு."

"அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?"

"பஞ்சு வயசுதான்" என்றேன்.

பஞ்சுவுக்குப் பல் எல்லாம் விழுந்துவிட்டது. நிற்க முடியாமல் ஆனதும் பகலிலும் போர்வையை அவிழ்க்காமலே விட்டிருந்தார்கள். போன வாரம் ஒரு மத்தியானம் செத்துப்போனது. சித்தியும் சித்தப்பாவும் வயலில் இருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். சித்தி வந்து பார்த்தபோது, பஞ்சுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தப் போர்வையில் முகத்தைப் புதைத்து, அழுது அழுது அப்படியே தூங்கிப் போயிருந்தாள்.

சித்தி அவளை இழுத்துக்கொண்டு போய் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. "ஏம்மா, வலிக்குதும்மா" என்று பிள்ளை கத்தினாள். அன்று இரவு, பாப்பாவின் கண்ணீர் ஊறிய அந்தப் போர்வையை வேறொரு குட்டிக்குக் கட்டி உள்ளே விட்டார்கள். தன் புடவை முனையைப் பாப்பாவின் கையில் கட்டிக்கொண்டு சித்தி பக்கத்திலேயே படுத்தாள். கண்ணை மூடக் கூடாது என்றுதான் படுத்தாள்...

விடிந்ததும் சித்தப்பா பின் அறைக் கதவைத் திறந்தார். குட்டி எதிர்ச்சுவர் ஓரம் செத்துக் கிடந்தது. விலா எலும்பு நொறுங்கியிருந்தது. வேற்றுக் குட்டி மடிக்கு வந்தால் தாய் ஆடு முட்டித் தள்ளுமே, அப்படி. போர்வையைக் காணவில்லை.

சித்தி திரும்பிப் பார்த்தாள். பாப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். கையில் கட்டிய முடிச்சு அவிழவில்லை. அவள் மேல் ஒரு துணி. உடம்பை மூடப் போதவில்லை. இருந்தாலும் ஓரங்கள் மடித்து, முனையைக் கழுத்துக்குக் கீழே செருகி, ஒழுங்காக இருந்தது.

சித்தி அவளை எழுப்பினாள். முகம் கழுவிவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். "ஒரு வாய் சாப்பிடும்மா. ஒரே ஒரு வாய்."

பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"பசிக்கலம்மா" என்றாள்.