கடைசி ஜோடிக்கு ட்வீட்டர் சொல்ல வேண்டியவன்

மேடையில் வீற்றிருக்கும் நம் ஸ்பீக்கர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த பலகை மாஸ்டரோடு முப்பது ஆண்டுகள் லிப்ட் வேலை பார்த்த தோழர்களே, அவருடைய அன்பு மகளே, வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்து கேட்கும் நண்பர்களே, முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் இஸ்திரிக்காரத் தங்கச்சியே, எல்லோருக்கும் இந்தப் பாய்லர்காரனின் வணக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மைக்கைப் பார்த்துப் பயம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தாள்களில் மூன்றாம் பக்கத்தில் ஒன்று எழுதியிருக்கிறேன். அதை உங்கள் முன் படிக்க வேண்டுமே என்ற பயம். எழுத்துக் கூட்டக் கற்று இரண்டு ஆண்டுதான் ஆகிறது. இதை எழுத ஐந்து நாள் பிடித்தது. எழுதும்போது எத்தனையோ வரிகளை அடித்தேன். அந்த வரிகளை மட்டும் அடிக்கவில்லை.

யார் இந்தப் பலகை மாஸ்டர்? பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கர் செய்தவர்! எல்லோரும் ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் அடைப்பார்கள். இவர் ஒரு பலகையில் வட்டமாக வெட்டி, அதில் மாட்டி, அப்படியே நிறுத்திவிடுவார். சத்தம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். பக்கவாட்டில் போய் நின்றால் முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றையொன்று விழுங்கி, ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. இதற்கு டைபோல் என்று பெயர். "பெட்டி செய்ய மரம் பத்தலையா மாஸ்டர்?" என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்தீர்கள். "முப்பது வருஷமா லிப்ட் பெட்டிக்குள்ளயே நின்னவன்டா நான், இனிமே எதையும் பெட்டியில அடைக்க மாட்டேன்" என்று சிரித்தவர் அவர்.

நான் அவருக்குக் கீழ்வீட்டுக்காரன். ஒரு நாள் பகலில் தலைக்கு மேலே மரம் அறுக்கும் சத்தம். சண்டை போடத்தான் மாடி ஏறினேன். கதவைத் திறந்தவர் என் கோபத்தைக் கவனிக்கவே இல்லை. "நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே, இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். ஒன்பது ஆண்டுகள் பிடித்தேன்! எத்தனை ஜோடி செய்தார்? இந்த அறையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அவருடைய பலகைகள் நிற்கின்றன. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒரு ஜோடி நிற்கிறது. யாரிடமாவது கூலி கேட்டாரா? தூள் படிந்த சட்டையோடு உங்கள் வீட்டுத் தரையில் மண்டியிட்டு, சுவருக்கும் பலகைக்கும் நடுவே டேப் பிடித்து, "பின்னால கொஞ்சம் இடம் விடுங்க, அதுவும் மூச்சு விடணும்ல" என்றாரே, அந்தக் குரல் உங்கள் காதில் இல்லையா?

இப்போது ட்வீட்டருக்கு வருகிறேன். இங்கே லிப்ட்காரத் தோழர்கள் இருப்பதால் சொல்கிறேன். மெல்லிய, கூர்மையான சத்தங்களைத் தருகிற சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். அதன் முதுகு மூடியிருக்கும். பின்னாலும் சத்தம் வேண்டும் என்பதற்காக மாஸ்டர் இரண்டை எடுத்து முதுகோடு முதுகாக வைப்பார். பின்னதற்கு மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிக் கொடுப்பார். முதலில் அகலமான முகத்தட்டு உள்ள ட்வீட்டர்களைத்தான் வைத்தார். பளபளப்பான, அழகான ஜோடி. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள்.

அதில் ஒரு பெண் குரலைப் போட்டார். அவள் 'ச' என்று சொல்லும் இடத்தில் நான் எழுந்து ஓடினேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மாஸ்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, என் ஸ்பீக்கர் அவ்வளவு மோசமாவா பாடுது?"

மூன்றாம் பக்கம் வந்துவிட்டது. படிக்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் சலவை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தது உங்களில் சிலருக்குத் தெரியும். இஸ்திரிப் பிரிவில் நின்ற தங்கச்சியின் கண்கள் அன்று போயின. அந்தப் பாய்லருக்கு நான்தான் பொறுப்பு. விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "வெடிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுதா?" நான் சொன்னேன்: "ஒண்ணும் கேக்கலைங்க."

தங்கச்சி, கேட்டது. மெல்லிய ஒரு சீறல் கேட்டது. இருபது நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏன் நிறுத்தவில்லை? அதற்கு முந்தைய வாரம் இதே மாதிரி ஏதோ கேட்டதென்று பாய்லரை நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. ஆலை முழுக்கச் சிரித்தது. "காய்ச்சல் பாய்லருக்கா, உங்களுக்கா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். மறுபடி சிரிப்பார்களே என்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். முள் சரியான இடத்தில் இருந்தது. என் காதை நம்பவில்லை. முள்ளை நம்பினேன்.

இதை முதன்முதலாகப் பலகை மாஸ்டரிடம்தான் சொன்னேன், அந்தப் படிக்கட்டில் வைத்து. அவர் என்ன சொன்னார் தெரியுமா? போனது போகட்டும் என்றாரா? தோளைத் தட்டினாரா? இல்லை! "அந்தச் சீறல் எப்படிண்ணே இருந்துச்சு? இதை விட மெல்லிசா, தடிப்பா?" என்று கேட்டார். என்னை மேலே கூட்டிப்போய், ஒரே ஒரு சுருதியை மட்டும் தரும் கருவியின் திருகைத் திருப்பிக்கொண்டே போனார். ஓரிடத்தில் "போதும்! நிறுத்துங்க!" என்று கத்தினேன். அதே இடத்தில் மைக்கை வைத்து அளந்தார். அங்கே சத்தம் ஒரு மேடு போல எழும்பியிருந்தது. முகத்தட்டு அகலமாக இருந்ததால், பின்சத்தம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும் வழி நீண்டு, அந்த ஒரு சுருதி மட்டும் தூக்கிக்கொண்டு நின்றதாம். அன்றே அந்த அழகான ட்வீட்டர்களைக் கழற்றினார். முகத்தட்டே இல்லாத, சட்டைப் பொத்தானைக் காட்டிலும் சற்றே பெரிய ட்வீட்டர்களை ஒட்டினாற்போல் முதுகோடு முதுகு வைத்தார். மேடு அடங்கியது. நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒரு பயந்தாங்கொள்ளிக்காக நல்ல ட்வீட்டரைத் தூக்கிப் போட்டீங்களே மாஸ்டர்" என்று சங்கத்தில் யாரோ கேட்டபோது அவர் சொன்னது தலைவருக்கு நினைவிருக்கும். "என் மைக்கை விட இவர் பயம் நல்லா அளக்குதுப்பா." அதிலிருந்து என் காதைக் கேட்காமல் அவர் எந்த ட்வீட்டரையும் மாட்டியதில்லை. ஆலையே நம்பாத காதை, நானே நம்பாத காதை, அந்த மனிதர் நம்பினார்!

போன வருடம் தங்கச்சி அவரைத் தேடி வந்தார். "ரேடியோல பேசறவங்கல்லாம் டப்பாக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க. எனக்கு அவங்க ரூம்ல வந்து உக்காந்து பேசணும்" என்றார். மாஸ்டர் துள்ளிவிட்டார். "அதுக்குத்தான்மா நான் இருக்கேன்!" நான் அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தங்கச்சி போகும்வரை வெளியே வரவில்லை.

அந்த ஜோடிக்குப் பலகை அறுத்தார். பெரிய ஸ்பீக்கர்களை மாட்டினார். ட்வீட்டருக்கு மட்டும் துளை போடவில்லை. "அண்ணே, இதை அவங்க வீட்ல, அவங்க எதிர்ல வச்சுத்தான் நீங்க சொல்லணும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. முட்டி வலி என்றேன். அடுத்த வாரம் சளி என்றேன். அதற்கடுத்த வாரம் உறவில் கல்யாணம் என்றேன். "யாருக்குண்ணே கல்யாணம், உங்க முட்டிக்கா?" என்று சிரித்தார். கட்டாயப்படுத்தவில்லை. காத்திருந்தார். அப்படிக் காத்திருந்த ஒரு காலையில்தான் அவர் நெஞ்சு நின்றுபோனது.

அவர் மகள் நேற்று முன்தினம் ஒரு அட்டைப்பெட்டியை என்னிடம் தந்தார். உள்ளே இரண்டு வகைச் சிறிய ட்வீட்டர்கள். பட்டுத்துணிக் குவிமாடம் வைத்தது நான்கு, நாடா போல மெல்லிய தகடு வைத்தது நான்கு. மேலே ஒரு சீட்டு. "எது என்று அண்ணன் சொல்வார்." மூன்று முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சொல்லவில்லையே மாஸ்டர்! நீங்கள் உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லையே!

அன்பர்களே, இரங்கல் கூட்டத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். பலகை அறுக்க இங்கே பலர் இருக்கிறீர்கள், ஒயர் பற்றவைக்கவும் பலர் இருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு வேலை.

தங்கச்சி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இங்கே வரவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத் தலைவர் அந்தப் பலகைகளோடு உங்கள் வீட்டுக்கு வருவார். நானும் வருவேன். என்னை உள்ளே விட வேண்டாம் என்று தோன்றினால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து, திறந்த ஜன்னல் வழியாகக் கேட்கிறேன். இரண்டு வகை ட்வீட்டர்களையும் மாற்றி மாற்றிப் போடுவோம். நான் நடுங்குவேன். அது உறுதி. ஆனால் அந்தச் சீறல் இம்மியளவு காதில் விழுந்தாலும், யார் சிரித்தாலும், எந்த முள் எங்கே நின்றாலும், கேட்கிறது, நிறுத்துங்கள் என்று வாய்விட்டுச் சொல்வேன்.